இரண்டு தலையணைகளுக்கு நடுவே ஊர் எல்லை

நெதர்கோம் கிராமத்தில் ஒருவரை ‘நம்ம ஆள்’ என்று சொல்ல இரண்டே வழிதான் உண்டு. ஒன்று, ஊர் எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் ரொட்டிக்கல்லில் இடிபட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர் அங்கேயே வீடு கட்டி, பிள்ளை பெற்று, கோயிலைப் பெருக்கி, தலை நரைத்துப் போனாலும் விருந்தாளிதான். மரியாதைக்கு ஒரு குறையும் இருக்காது. இருந்தாலும் விருந்தாளிதான்.

லெட்டி டக்வெல் முப்பத்தொரு வருஷமாக அந்த ஊரில் விருந்தாளியாக இருந்தாள்.

அவள் பிறந்தது ஸ்டோக்கில். ஸ்டோக் என்றால் ஏதோ கடல் தாண்டிய தேசம் என்று நினைத்துவிட வேண்டாம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே கோயில் மணி அடித்தால் இங்கே நாய் குரைக்கும். ரூபன் டக்வெல் அவளைக் கட்டிக்கொண்டு வந்தபோது, பெண்ணின் சாமான்களை ஒரே தள்ளுவண்டியில் வைத்து, மழை வருவதற்குள் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டான். அவ்வளவு தூரம்தான். ஆனாலும் ஊர்க் கண்காட்சி நாளில் லெட்டியின் ப்ளம் ஜாமை இன்றுவரை வெளியூர்க்காரர்கள் மேஜையில்தான் வைத்தார்கள். அந்த மேஜையில் அவளுக்குப் போட்டி டாக்டரின் மனைவி மட்டும். அந்த அம்மாளுக்கு ஜாம் இறுகவே இறுகாது, ஸ்பூனை விட்டால் மூழ்கிவிடும். ஆகவே வருஷா வருஷம் லெட்டிக்கு முதல் பரிசு. அந்தப் பரிசுகளை அவள் அலமாரியின் பின்பக்கம் தள்ளி வைத்திருந்தாள்.

இடிபடுவது பெரிய காரியமில்லை. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதத்தில், ஆண்டவர் பரமேறின திருநாளன்று ஊரே எல்லை சுற்றும். பாதிரியார் முன்னால் நடப்பார். கோயில் காரியங்களைக் கவனிக்கும் வார்டன் வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பார். ஆளுக்கு ஒரு வில்லோ மரக் குச்சியோடு மற்றவர்கள் பின்னால் போவார்கள். எல்லைக்கல் ஒவ்வொன்றையும் குச்சியால் அடித்து, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் பாடி, அடுத்த கல்லுக்கு நகர்வார்கள். கடைசியில் ரொட்டிக்கல். உப்பி வந்த ரொட்டி மாதிரியே இருக்கும். அங்கேதான் புது ஆட்களைச் சேர்ப்பது. கையைக் காலைப் பிடித்துத் தூக்கி, உட்காரும் இடம் கல்லில் படும்படி மூன்று தடவை இடிப்பார்கள். ஆண்களை ஆண்கள், பெண்களைப் பெண்கள். அதன் பிறகு அவர் எந்தச் சீமைக்குப் போய்ப் படுத்தாலும் நெதர்கோம்காரர்தான்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள். இடிபடுகிறவர் ராத்திரி தலை சாய்ப்பது ஊர் எல்லைக்குள்ளாக இருக்க வேண்டும். அப்புறம், ஊர் ஆள் ஒருவர் கல்லருகே நின்று, “இவரை எனக்குத் தெரியும், நம்ம ஆள்” என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

கல்யாணமான பெண்ணுக்கு யார் சொல்வது? புருஷன்தான். வேறு யாராவது முந்திக்கொண்டால் அது புருஷனுக்கு அவமானம். அதனால் ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

ரூபன் சொல்லவில்லை. முதல் தடவை கல்யாணமான புதிது, அப்பாவின் முன்னால் பெண்டாட்டிக்காகப் பேச வெட்கம். இரண்டாம் தடவைக்குள் ‘என் வீட்டு அந்நியநாட்டுக்காரி’ என்று அவளைக் கிண்டல் செய்து செய்து பழகிவிட்டான், அந்தக் கிண்டலை இழக்க மனமில்லை. “என்ன அவசரம் லெட்டி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்” என்றான். அடுத்த தடவை வரவேண்டிய வருஷம் போர் வந்து எல்லை நடையே நின்றுபோனது. போர் முடிந்து நடந்தபோது அவன் புதிதாக வார்டன் ஆகியிருந்தான். கோலைப் பிடித்த பெருமையில் பெண்டாட்டி அங்கே டீ ஊற்றிக்கொண்டிருந்ததே அவன் கண்ணில் படவில்லை. கெட்டவன் இல்லை. இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் பெண்களுக்குப் பாதி வருத்தம் வருகிறது.

லெட்டி கேட்டு வாங்குகிற ரகமில்லை. கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு என்பது அவள் கட்சி. மற்றபடி அவளுக்கு வாழ்க்கையில் ஒரு குறையும் கிடையாது. பிள்ளைகள் நல்லபடியாகக் கரையேறிவிட்டார்கள். சர்க்கரைக்கு இருந்த ரேஷன் போய்விட்டது. வாசலில் ரோஜா, கொல்லையில் ஆப்பிள் மரங்கள், பக்கத்தில் குறட்டை விட ஒரு ஆள். அந்த ஒரே ஒரு முள் மட்டும், மே மாதம் வந்தால் குத்தும்.

இந்த வருஷம் எல்லை நடைக்கு முந்தைய வாரம் முழுவதும் ரூபன் வால்நட் மரத்தைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

அந்த மரம் ஓடைக்கரையில், இரண்டு ஊர்களுக்கும் நடுவே, யார் பக்கம் என்று சொல்ல முடியாதபடி நின்றது. பச்சைக் காயைப் பறித்து வினிகரில் ஊறுகாய் போட்டால் கிறிஸ்துமஸுக்கு மாட்டிறைச்சியோடு அப்படி ஒரு ருசி. அதற்காக இரண்டு ஊர்களும் தாத்தா காலத்திலிருந்து முட்டிக்கொண்டன. ரூபன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எல்லை நேராகத்தான் போக வேண்டும். அப்படியானால் நேராகக் கயிறு கட்டிப் பார்த்துவிடலாம். கோயில் கோபுரத்தில் கிடந்த பழைய மணிக்கயிறுகளை எல்லாம் முடிந்து ஒரே கயிறாக்கினான்.

ஸ்டோக்கின் வார்டன் சைலஸ் படனை வரவழைத்து, புதுப் பாதிரியார் ஃபென்விக்கின் முன்னிலையில், ரூபனின் சமையலறையிலேயே பேச்சு நடந்தது. சைலஸ் நெட்டையான, மெதுவாகப் பேசுகிற ஆள். லெட்டிக்குப் பள்ளிக்கூடத் தோழன்.

“சரி ரூபன், கயிறு கட்டலாம்,” என்றான் சைலஸ். “ஆனா அங்க மட்டும் நேரா, இங்க வளைஞ்சுன்னு போகக் கூடாது. எல்லாக் கல்லுக்கும் கயிறுதான். சம்மதமா?”

“ஒரு விரக்கடை வெலகினாக்கூட நான் ஒத்துக்க மாட்டேன்,” என்றான் ரூபன், மேஜையில் தட்டி. “கயிறு எங்க போகுதோ அங்கதான் எல்லை. குறுக்க எது இருந்தாலும் சரி. பன்னிக்கொட்டாயா இருந்தா பன்னிக்கொட்டாய்க்குள்ள பூந்து போவோம். பாதிரியார் ஐயா சாட்சி.”

“எனக்கு ஆட்சேபணை இல்லை,” என்றார் ஃபென்விக். ஊருக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது, பாவம்.

சைலஸ் டீயைக் குடித்துக்கொண்டே சமையலறைச் சுவரை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான். ஏன் அப்படிப் பார்க்கிறான் என்று லெட்டிக்கு அப்போது புரியவில்லை.

திருநாளன்று காலை நல்ல வெயில். ரூபன் சவரம் செய்து, நல்ல கோட்டுப் போட்டு, கோலைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

“பன் எல்லாம் ரொட்டிக்கல்லுக்கு வந்துடுமில்ல லெட்டி? டீப் பாத்திரம் பெர்சி வண்டியில வந்துடும்.”

“வந்துடும். போன தடவை வந்துது, அதுக்கு முந்தின தடவையும் வந்துது.”

அவள் குரலில் இருந்தது அவனுக்குக் கேட்கவில்லை. “மரம் மட்டும் நம்ம பக்கம் விழுந்துதுன்னா உனக்கு ஒரு ஜாடி ஊறுகாய்,” என்று சொல்லிவிட்டு விசில் அடித்துக்கொண்டு போனான்.

லெட்டி அடுப்பிலிருந்து பன்களை எடுத்து, மேலே பால் தடவி, துணி விரித்த கூடையில் அடுக்கினாள். தூரத்தில் சங்கீதம் கேட்டது. பிறகு ஒரே கூச்சல், தொப்பிகள் பறக்கிற மாதிரியான கூச்சல். மரம் நெதர்கோமுக்கு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கும் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்துக்கு உரிமை இல்லையே என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது.

கொஞ்ச நேரத்தில் சாமான் அறை ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது.

“மன்னிக்கணும் மிசஸ் டக்வெல்,” என்றார் பாதிரியார் ஃபென்விக். “கொஞ்சம் அந்த ஜாம் பாட்டில்களை நகர்த்த முடியுமா? நாங்க உள்ள வரணும்.”

“வாசல் தொறந்துதான் இருக்கு ஐயா.”

“வாசல்ல எல்லை இல்லம்மா. ஜன்னல்லதான் இருக்கு.”

விஷயம் இதுதான். டக்வெல் வீடு இரண்டு கல்லுக்கு நடுவே இருந்தது. முன்பெல்லாம் ஊர்வலம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் பாதையில் சுற்றிக்கொண்டு போகும், ஏனென்றால் ரூபனின் அம்மா அங்கே நின்று எல்லோருக்கும் பீர் கொடுப்பாள். பீர் இருக்கும் பக்கம்தான் எல்லை என்று யாரும் யோசிக்காமல் இருந்துவிட்டார்கள். இன்று கயிறு. கயிறுக்குப் பீரைப் பற்றி என்ன தெரியும்? அது வேலிக்கல்லிலிருந்து கிளம்பி நேராகச் சாமான் அறை ஜன்னலுக்கு வந்து நின்றது.

பாதிரியார் வெள்ளை அங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஜன்னல் வழியே இறங்கினார். பின்னால் சைலஸ், காலைத் தூக்கி வைத்து சாவகாசமாக வந்தான். அதற்கப்புறம் ரூபன், தன் வீட்டுக்குள் தானே திருடன் மாதிரி. மதுக்கடை நடத்தும் பெர்சி ஹாப்ஸ் ஜன்னலில் மாட்டிக்கொண்டான். வெளியே இருந்தவர்கள் தள்ள, லெட்டி இழுக்க, ஒரு ப்ளம் ஜாம் பாட்டிலோடு வந்து விழுந்தான்.

“போன வருஷத்து ஜாமா இது?” என்றான் தரையில் உட்கார்ந்தபடியே விரலை நக்கி. “வெளியூர் மேஜையில வெச்சா வீணாப் போகுது லெட்டி, நெசமாச் சொல்றேன்.”

கயிறு சாமான் அறையைக் கடந்து, சமையலறையை ஓரமாக வெட்டி, பின்பக்கம் ரூபனின் அப்பா கூட்டிக் கட்டிய படுக்கையறைக்குள் போயிற்று. முடிந்த மட்டும் ஆட்கள் பின்னாலேயே போனார்கள். மீதிப்பேர் வெளியே ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டார்கள். சைலஸ் தலைமாட்டுக்கு மேலிருந்த சின்ன ஜன்னல் வழியே கயிற்றை வெளியே கொடுக்க, தோட்டத்துக் கல்லில் ஒருவர் இழுத்துக் கட்டினார். கயிறு விறைத்து நின்றது.

அது கட்டிலின் மேல் நீளவாக்கில், சரியாக இரண்டு தலையணைகளுக்கும் நடுவே போயிற்று.

லெட்டிக்கு முதலில் வந்தது வெட்கம். நல்லவேளை, போர்வையைக் காலையில் ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள்.

“எது யாரோட பக்கம்?” என்று கேட்டான் சைலஸ், மெதுவாக.

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கதவுப் பக்கம் லெட்டி. ஜன்னல் பக்கம் ரூபன். கல்யாணமான வாரமே அவன் ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டு, “கதவுப் பக்கம் படுக்கறவங்கதான் காலைல முதல்ல எழுந்து அடுப்பு பத்த வெக்கணும், அதுதான் எங்க வீட்டு வழக்கம்” என்று சொல்லியிருந்தான். அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷமாக விடிகாலைக் குளிரில் எழுந்தது அவள். கதவுப் பக்கம் நெதர்கோம். ஜன்னல் பக்கம் ஸ்டோக்.

பெர்சிதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தான். “அடப்பாவி ரூபன்! இத்தனை வருஷமா நீ வெளியூர்லயா தூங்கிட்டு இருந்தே?”

வீடே அதிரும்படி சிரிப்பு எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஒருவர் சொல்லி ஒருவர் சொல்லி, சிரிப்பு தோட்டம் வரை போனது.

ரூபனின் முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. “தூங்கினா என்ன? நான் பொறந்ததே இந்த வீட்டுலதான்! பொறந்தவன் நம்ம ஆள்!”

“எந்த ரூம்ல பொறந்தே?” என்றான் சைலஸ்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும், ரூபனே நூறு தடவை சொல்லியிருக்கிறான். அந்த வருஷம் ஓடை உறைந்துபோன குளிர். அவன் அம்மா சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவனைப் பெற்றாள். லெட்டி உட்பட எல்லோரும் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார்கள். அடுப்பு, கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்டோக்கில் நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது.

“வரவேற்கிறோம்,” என்றான் சைலஸ், தொப்பியைக் கழற்றி. “எங்க ஊர்ல ஒரு ஆள் கூடியிருக்கு. ஜாம் போடத் தெரியுமா?”

“சைலஸ், இது அநியாயம்.”

“அநியாயம்னா சரி பண்ணிக்கலாம். கயித்த அவுத்துடலாம் ரூபன். நீ பழையபடி வார்டன், நான் பழையபடி சைலஸ். வால்நட் மரமும் பழையபடி.”

லெட்டி தன் புருஷனைப் பார்த்தாள். அவன் ஊரைப் பார்த்தான். ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? ‘எங்கள் வார்டனை விட்டுக்கொடுக்க மாட்டோம்’ என்று மார்தட்டியிருக்க வேண்டும் இல்லையா? வெளியே இருந்து யாரோ, “மரத்த விடாதீங்க!” என்று கத்தினார். பெர்சி தரையைப் பார்த்துக்கொண்டு, “ஊறுகாய்க்கு வினிகர்கூட வாங்கி வெச்சாச்சு ரூபன்” என்றான்.

ரூபன் வெள்ளிப் பூண் போட்ட கோலைப் பெர்சியின் கையில் கொடுத்தான். வார்டன் என்றால் நம்ம ஆளாக இருக்க வேண்டும். போன வருஷம் நல்லாப் பந்து வீசின ஒரு பையன் இங்கே சாப்பிட்டு ஸ்டோக்கில் தூங்குகிறான் என்று கிரிக்கெட் அணியில் இருந்து நீக்கியது ரூபன்தான். ‘தலை எங்க சாயுதோ அதுதான் ஊர்’ என்று அப்போது பெரிதாகப் பேசியதும் அவன்தான். அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவனுக்கும்.

அவன் லெட்டியின் பன் கூடையைத் தூக்கிக்கொண்டான்.

“நான் கொண்டு வரேனே,” என்றாள் அவள்.

“வேண்டாம். வெளியூர்க்காரங்க வேலைதானே இது,” என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ரொட்டிக்கல்லுக்குப் போகும் வழியெல்லாம் அவர்கள் இருவரும் ஊர்வலத்தின் கடைசியில் நடந்தார்கள். வேலியோரம் முழுக்க வெள்ளைப் பூ. முன்னால் எல்லோரும் பாடிக்கொண்டு போனார்கள். ரூபனுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம், ஆனால் பாடவில்லை.

“எப்பவும் இங்கதான் நடப்பியா?” என்று கேட்டான், திடீரென்று.

“ஆமா.”

“இங்கேர்ந்து பாத்தா வெறும் முதுகாத்தான் தெரியுது.”

“ம். பழகிடும்,” என்றாள் லெட்டி.

ரொட்டிக்கல்லில் புதுத் தபால்காரனைத் தூக்கி இடித்து முடித்தார்கள். அவன் எழுந்து பின்புறத்தைத் தேய்த்துக்கொண்டே பன்னைக் கடித்தான். பாதிரியார் சுற்றிப் பார்த்தார். “வேற யாராவது இருக்காங்களா?”

எல்லோர் பார்வையும் ரூபன் பக்கம் திரும்பியது. பெர்சி கண்ணைச் சிமிட்டினான். எப்படியும் கடைசியில் ரூபனைச் சேர்த்துக்கொள்வார்கள், அதற்கு முன் கொஞ்ச நேரம் அவனைத் தவிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள் என்று லெட்டிக்குத் தெரிந்தது. அவள் டீப் பாத்திரத்தின் குழாயைத் திறந்து அடுத்த கோப்பையை வைத்தாள்.

ரூபன் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கல்லருகே போனான்.

“ஒரு ஆள் இருக்கு,” என்றான். “நான் இல்ல. லெட்டி.”

பன் கடித்துக்கொண்டிருந்த தபால்காரன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

“மூணு தடவை இங்க நின்னேன். மூணு தடவையும் நான் சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப சொல்லணும்னு இருக்கு, சொல்ற தகுதி எனக்கு இல்ல. அவ தலை நம்ம... உங்க ஊர்லதான் சாயுது, நீங்களே பாத்தீங்க. எனக்குப் பதிலா யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்.” அவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான். “என்மேல தப்பு. வெறும் விளையாட்டுன்னு நெனச்சேன். அங்க பின்னால நடந்தப்பதான் தெரிஞ்சுது.”

லெட்டி குழாயை மூட மறந்துவிட்டாள். டீ கோப்பை நிரம்பி, சாஸரும் நிரம்பி, புல்லில் வழிந்தது. முப்பத்தொரு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை இதுவல்ல. இது அதைவிட நன்றாக இருந்தது.

“இவளை எனக்குத் தெரியும்,” என்றான் பெர்சி உடனே. அவன் சொல்லி முடிப்பதற்குள் அவன் மனைவி சொன்னாள். டாக்டரின் மனைவி சொன்னாள், அந்த அம்மாளே வெளியூர், அவள் சொன்னது செல்லாது, ஆனாலும் சொன்னாள். அப்புறம் யார் சொன்னார்கள் யார் சொல்லவில்லை என்று தெரியாதபடி எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள். “நம்ம ஆள்! நம்ம ஆள்!”

பெண்கள் அவளைத் தூக்கினார்கள். மெதுவாக இடிப்போம் என்றுதான் சொன்னார்கள். ஒன்றும் மெதுவாக இல்லை. மூன்றாவது இடியில் அவள் தொப்பி பறந்து ஓடைப் பக்கம் உருண்டது. கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் கல்லைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று லெட்டி நினைத்தாள். பிறகு, எதற்குப் பொய், சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று அழுதாள்.

தொப்பியை எடுத்துத் தட்டிக் கொடுத்தவர் பாதிரியார். “இனி உங்களுக்கும் பேச உரிமை உண்டு மிசஸ் டக்வெல்,” என்றார். குரலில் ஒரு குறும்பு இருந்தது. ஊருக்கு வந்து ஒரு குளிர்காலத்திலேயே ஆள் தேறிவிட்டார். “யாருக்காவது பேச விரும்பறீங்களா?”

ஊர் மொத்தமும் அவளைப் பார்த்தது. ரூபனும் பார்த்தான். முழுக்க நம்பிக்கையோடு, அப்பாவி மாதிரி.

லெட்டி தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஊசியைக் குத்தி, சரிபார்த்தாள்.

“என்ன அவசரம்?” என்றாள். “அடுத்த தடவை பார்த்துக்கலாம்.”

பெர்சி சிரித்த சிரிப்பில் கோல் கையைவிட்டு விழுந்தது. ரூபன் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினான், நியாயம்தான் என்கிற மாதிரி. பிறகு டீப் பாத்திரத்துக்குப் போய் நின்று கோப்பைகளை நிரப்ப ஆரம்பித்தான். சைலஸுக்கு ஒன்று, தபால்காரனுக்கு ஒன்று, வரிசையாக. பாதிப் பேருக்குப் பால் அதிகம், மீதிப் பேருக்குச் சர்க்கரை இல்லை. வரிசை முடிந்ததும் கூடைக்குள் கைவிட்டுத் துழாவினான். அடியில் கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை இருந்தது. எல்லோருக்கும் கொடுத்தது போக லெட்டி தனக்கென்று எடுத்துக்கொள்வது எப்போதும் அதைத்தான். அது அவனுக்குத் தெரியும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. அவன் நீலப் பூப் போட்ட நல்ல கோப்பையில் அவளுக்கு ஊற்றினான், பால் கொஞ்சமாக, அவள் குடிக்கிற மாதிரியே. உடைந்த கோப்பையைத் தனக்கு வைத்துக்கொண்டான்.

லெட்டி டீயைக் கையில் வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள்.

“பாதிரியார் ஐயா,” என்றாள், “தலை எல்லைக்குள்ள சாயணும், அதுதானே முதல் நிபந்தனை?”

“ஆமா.”

“இடிபட்டவங்க எங்க வேணா படுக்கலாம்?”

“எங்க வேணா படுக்கலாம்.”

“அப்ப சரி.” அவள் கல்லருகே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் ஓடை வரைக்கும் கேட்டது. “இவரை எனக்குத் தெரியும். இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து இவர் கதவுப் பக்கம் படுப்பார். நம்ம ஆள்.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. ரூபனுக்குத்தான் முதலில் புரிந்தது. வெற்றியும் தோல்வியும் ஒரே நேரத்தில் வந்தால் மனிதன் முகம் என்ன பாடுபடும் என்பதை அன்று நெதர்கோம் பார்த்தது. அவன் கனத்துக்கு ஆறு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று இடி போதாது, முப்பத்தொரு வருஷத்துப் பாக்கி இருக்கிறது என்று யாரோ சொல்ல, நான்காவது ஒன்றும் போட்டார்கள். பெர்சி கோலைத் திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் விடிகாலை நல்ல குளிர். லெட்டி ஜன்னலோரம், ஸ்டோக்கில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண் விழித்துப் படுத்திருந்தாள். சமையலறையில் விறகு கீழே விழும் சத்தம் கேட்டது. தீப்பெட்டி மூன்று தடவை உரசும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை.

“லெட்டி, இந்தப் புகைப்போக்கியோட கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?” என்று அவன் கத்தினான்.

எழுந்து போய்க் காட்டலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. கால்கள்கூட லேசாக நகர்ந்தன. பிறகு அவள் ஜன்னல் பக்கம் புரண்டு படுத்தாள். இருப்பது அம்மா வீடு. அம்மா வீட்டுக்கு வந்த பெண் எதற்காக எழுந்து அடுப்படிக்குப் போக வேண்டும்?